ஐம்பத்து நான்கு எடுத்துத் தோற்றவர்

இருபத்தைந்தையும் இருபத்தொன்பதையும் கூட்டினால் ஐம்பத்து நான்கு வரும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் பாஸ் என்கிற ஊரில் ஐம்பத்து நான்கு எடுத்தவர் பாஸா, ஃபெயிலா? ஃபெயில் என்றது எங்கள் பல்கலைக்கழகம். 1995 மே மாதம் வந்த பட்டியலில் பொங்கியண்ணன் பெயருக்கு நேரே அப்படித்தான் அச்சடித்திருந்தது. அதே தாளில் இரண்டு வரி மேலே கதிர்வேல் என்கிற பையன் ஐம்பத்து மூன்று எடுத்துப் பாஸாகியிருந்தான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் நான் கத்தியது வாட்ச்மேன் வரைக்கும் கேட்டதாம்.

விதி இதுதான். வகுப்புத் தேர்வு, கட்டுரை, வருகை என்று கல்லூரி ஆசிரியர் போடும் இன்டர்னல் மார்க் இருபத்தைந்து. பல்கலைக்கழகம் நடத்தும் கடைசிப் பரீட்சைக்கு எழுபத்தைந்து. மொத்தத்தில் நாற்பது வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்த எழுபத்தைந்தில் மட்டும் தனியாக முப்பது வேண்டும். முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும், இன்டர்னலில் நீங்கள் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அது விழலுக்கு இறைத்த நீர். கதிர்வேல் பரீட்சையில் முப்பத்தொன்று. பொங்கியண்ணன் இருபத்தொன்பது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். முழு இருபத்தைந்தும் கொடுத்த சாமி நான்தான்.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு மாலைக் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. மில், பட்டறை, கடை என்று பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவர்கள்தான் மாணவர்கள். பாதிப் பேர் தூங்கிவிழுவார்கள். நான் திட்டுவேன். எனக்கு முன்கோபம் அதிகம், அது என் வீட்டிலும் தெரியும். பொங்கியண்ணனைத் திட்ட எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. பெயரிலேயே அண்ணன் இருந்ததால், என்னைவிட ஏழு வயது மூத்த மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் சங்கடமும் எனக்கு இருக்கவில்லை.

அவர் கொடுமுடிப் பக்கம் பிறந்தவர். பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பா போய்விட, படிப்பை அத்தோடு விட்டு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதிலியாகச் சேர்ந்தார். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவருடைய இடத்தில் நிற்பவர்தான் பதிலி. ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடப்பது வேலை. பதினோரு வருஷம் அப்படி நடந்தார். அதற்கு நடுவிலேயே 1990இல், முப்பது வயதில், பி.காம். சேர்ந்தார். முதல் பெஞ்சில் சுவரோரம் உட்காருவார். சட்டையில் எங்கேயாவது பஞ்சு ஒட்டியிருக்கும். மூன்று வருஷத்தில் நான்கு நாள்தான் வகுப்புக்கு வரவில்லை. அதற்கும் நான்கு லீவ் லெட்டர் கொடுத்தார்.

மற்ற பேப்பரெல்லாம் பாஸ். நின்றுபோனது ஒன்றே ஒன்று, தொழிற்சட்டம். வேடிக்கையைப் பாருங்கள். தொழிலாளி தோற்றது தொழிலாளர் சட்டத்தில். வகுப்பில் நான் ஒரு பிரிவின் எண்ணைத் தப்பாகச் சொன்னால், வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு பக்கத்தில் வந்து, "ஏனுங்க சார், அது எண்பத்தெட்டுங்களா, எண்பத்தொம்பதுங்களா?" என்று தனக்குச் சந்தேகம் மாதிரி கேட்பார். அவ்வளவு மரியாதையாக என்னைத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை.

1993 ஏப்ரலில் இருபத்துநான்கு மார்க். நவம்பரில் இருபத்தேழு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேன்டீனுக்குக் கூட்டிப்போய், உண்மையைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். அவர் டீ டம்ளரை இடது கையில் மாற்றிக்கொண்டு வலது கையை மேஜைமேல் வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. பெருவிரல் பாதிதான் வளைந்தது.

"எப்ப ஆச்சு?"

"ரெண்டாம் வருசப் பரீச்சை முடிஞ்சு ஒரு மாசத்துலீங்க. மிஷினு ஓடீட்டு இருக்கையிலயே கியர்ல சிக்குன பஞ்சைப் புடுங்கப் போனனுங்க."

"மில்லுல சொல்லலையா?"

"பெர்மனென்ட் லிஸ்ட்டு வர்ற சமயமுங்க சார். மேஸ்திரி சுப்பண்ணன் சொன்னாருங்க, ஆக்சிடென்ட்டுன்னு எழுதினா லிஸ்ட்டுல உன்ற பேரு போயிரும், பேசாம ஊட்டுக்குப் போயிருன்னு. துணியைச் சுத்தீட்டு சைக்கிள்லயே ஒரு ப்ரைவேட் டாக்டர்கிட்டப் போனனுங்க. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டறப்பப் பட்டுருச்சுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"அந்த ஆளு உங்களைக் கெடுத்துட்டாருங்களே!"

"அப்படிச் சொல்லாதீங்க சார். பதினொரு வருசம் பதிலி. அவரு நல்லதுக்குத்தானுங்க சொன்னாரு."

லிஸ்ட் வந்தது, பெயரும் வந்தது, நிரந்தரமானார். இடது கையால் நூல் ஒட்டப் பழகிக்கொண்டார். பக்கத்து மிஷின் ஆட்கள் கண்டும் காணாமல் கை கொடுத்தார்கள். ஆனால் எழுதுவதற்கு இடது கை வரவில்லை. வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைச் செருகி எழுதினார். எழுத்து அச்சுப்போல அழகாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். கணக்குப் பேப்பரில் எண்கள்தானே, தப்பித்துக்கொண்டார். தொழிற்சட்டத்தில் ஐந்து பெரிய கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து மார்க். மூன்று மணி நேரத்தில் அவரால் இரண்டேகால் கேள்விக்கு மேல் எழுத முடியாது. எழுதிய இரண்டுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக வாங்குவார். இருபத்துநான்கு. அந்தக் கால் கேள்வியில்தான் இரண்டரை வருஷம் போனது.

என் வகுப்புத் தேர்வில் நான் கடிகாரம் பார்க்க மாட்டேன். கை விஷயம் தெரியாத நாளிலேயே, வேலைக் களைப்பில் மெதுவாக எழுதுகிறார் என்று நினைத்து, எல்லாரும் போனபின் அவரை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, முடியும்வரை எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன். அதனால் நான் போட்ட இருபத்தைந்து இரக்கப்பட்டுப் போட்டதல்ல. அவர் எழுதி வாங்கியது. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

1994 ஏப்ரலில் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஐந்து கேள்வியையும் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் பக்கம் எழுதுங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். பக்கத்தை எண்ணி மார்க் போடும் ஏதோ ஒரு புண்ணியவான் கையில் பேப்பர் சிக்கி இருபத்தாறு வந்தது. அடுத்து நவம்பரில் பழையபடி எழுதி இருபத்தெட்டு. வீட்டில் மனைவி சாந்தாமணி அலாரம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவரை எழுதவைப்பாராம். இருகூரில் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போனபோது அந்த அம்மா என்னிடம், "டிகிரி வராட்டிப் போகுதுங்க சார். பரீச்சை முடிஞ்சு வந்தா நாலு நாளைக்கு விரலு வீங்கிக் கெடக்குதுங்க, சோத்தைப் பெசைய முடியறதில்லீங்க" என்றார்.

ஆனால் டிகிரி வேண்டியிருந்தது. மில்லில் புது மிஷின்கள் வந்துவிட்டன, ஓட்டம் வேகம். இடது கையால் ஒரு வருஷத்துக்கு மேல் சமாளிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கண்டுபிடித்தால் வேலை போகும். மில்லின் டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைப் பதியும் குமாஸ்தா திருமலைசாமி 1996 ஜனவரியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. மில்லுக்குள்ளேயே டிகிரி படித்தவர் இருந்தால் அவருக்குத்தான் அந்த நாற்காலி என்பது அங்கே வழக்கம். அதில் ஒரு நாளைக்கு நாற்பது வரி எழுதினால் போதும். பொங்கியண்ணனின் கைக்கு அது ஏற்ற வேலை. ஜனவரிக்குள் பாஸாக வேண்டும். அப்படியிருக்கும்போதுதான் அந்த இருபத்தொன்பது வந்தது. அதோடு, பழைய பாடத்திட்டத்துக்கு வரும் நவம்பர்தான் கடைசி வாய்ப்பு என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

மறுகூட்டலுக்கு எழுதிப்போட்டோம். கூட்டல் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அது எங்களுக்கும் தெரியும். கூட்டல் சரி, சட்டம்தான் கோணல் என்று சொல்ல நானே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தேர்வுப் பிரிவில் ஒரு அதிகாரி, வயதானவர், நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பெரிய லெட்ஜரை எடுத்துப் பிரித்தார்.

"சஹீர்ங்கறது நீங்கதானுங்களே? உங்க வகுப்புல இந்த வருசம் நாப்பத்தியொரு பேரு. அதுல முப்பத்தெட்டுப் பேருக்கு இருபத்திரண்டும் அதுக்கு மேலயும் இன்டர்னல் போட்டிருக்கீங்க. அத்தனை பேருமா அப்படிப் படிச்சாங்க?"

கதிர்வேலுக்கு நான் போட்டது இருபத்திரண்டு. அவன் வகுப்பில் பாதி நாள் கிடையாது. அவனுடைய அப்பா ஒரு முழு வாழைத்தாரோடு என் வீட்டுக்கு வந்து, "பையனை நீங்கதானுங்க பாத்துக்கோணும்" என்று கைகூப்பினார். அத்தனை ‘ங்க’ போட்டுப் பேசும் மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற முப்பத்தேழுக்கும் இப்படி முப்பத்தேழு காரணங்கள். பகலெல்லாம் உழைக்கிறவர்கள், பாவம், போகட்டும் என்று அள்ளிப்போட்டேன்.

"எல்லாக் காலேஜும் இதைத்தானுங்க பண்றாங்க. அப்பறம் அந்த மார்க்கை யாருங்க நம்பறது? அதுக்குத்தான் இந்த முப்பது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த விதியை உண்டாக்கியது பல்கலைக்கழகம் என்று இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற தாராளப் பிரபுக்கள் உண்டாக்கியது அது. நான் சும்மா கொடுத்த முப்பத்தெட்டுப் பேரின் மார்க்கும் சேர்ந்து, பொங்கியண்ணன் விரல் வீங்க வாங்கிய இருபத்தைந்தைச் செல்லாக்காசாக்கிவிட்டன. அவமானத்தில் எழுந்து நின்றேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "கை முடியாதவருன்னு சொல்றீங்க. சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளு வெச்சுக்க ரூல் இருக்குதுங்களே, ஏன் கேக்கலை?" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

பறந்துகொண்டு வந்தேன். படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். மில் தொழிலாளி என்பதால் ஈ.எஸ்.ஐ. டாக்டர்தான் போட வேண்டும் என்றார்கள். இருவரும் போனோம். டாக்டர் அம்மா விரல்களை மடக்கிப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். பொங்கியண்ணன் பேனாவைச் செருகி, நிதானமாக, அழகாகத் தன் பெயரையும் ஊரையும் எழுதினார்.

"எழுதறீங்களே?" என்றார் டாக்டர்.

"மெதுவாத்தானுங்க அம்மணி வருது."

"மெதுவா எழுதறவருன்னு போட இதுல இடமில்லைங்க. ‘எழுத இயலாதவர்’னுதான் அச்சடிச்சிருக்கு. நான் டிக் பண்றதுன்னா அதைத்தான் பண்ணணும். ஒரு நகல் உங்க மில்லுக்கும் போகும், யோசிச்சுக்கங்க."

பொங்கியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நகல் மில்லுக்குப் போனால் கை வெளியே தெரிந்துவிடும். ஆனால் தெரியட்டுமே, டிகிரி வந்துவிட்டால் நூல் ஒட்டுவது யாருக்கு வேண்டும், நாற்காலி இருக்கிறதே என்று என் மூளை ஓடியது. "டிக் பண்ணச் சொல்லுங்க" என்றேன். அவரும் தலையாட்டினார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை.

எழுதுகிறவர் தேர்வரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படித்த யுஸ்ரா வந்தாள். நவம்பர் பரீட்சையில் அவர்கள் இருவருக்கும் ஒரு தனி அறை. நான் வெளியே வராந்தாவில் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் முடிந்து அவள் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"என்ன மாமா, இவரு நிறுத்தவே மாட்டேங்கறாரு! மெதுவாச் சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அடிஷனல் ஷீட்டே ஆறு!"

பொங்கியண்ணன் பின்னால் வந்தார். "பாப்பாவுக்குத்தானுங்க பாவம் கை வலிச்சுருச்சு" என்று சிரித்தார். இரண்டரை வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டு வந்தவரின் முகம். தொழிற்சாலையில் விபத்து நடந்தால் முதலாளி யாருக்கு எப்போது எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வியாம். முழுசாகச் சொன்னாராம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிட்டோம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. பரீட்சையில் அறுபத்து மூன்று, இன்டர்னல் இருபத்தைந்து, மொத்தம் எண்பத்தெட்டு. அந்தப் பேப்பரில் கல்லூரியில் அவர்தான் முதல்.

மறுநாளே இருவரும் மில்லுக்குப் போனோம். லேபர் ஆபீசர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ரிசல்ட்டைப் பார்த்து, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். டாக்டர் அனுப்பி, அதுவரை யாரும் பார்க்காமலே கிடந்த நகல் மேலாகவே இருந்தது.

"இதுலதானுங்க ஒரு சங்கடம். எழுத இயலாதவர்னு போட்டிருக்குது. டைம் ஆபீஸ்ல எழுதறதுதானுங்களே வேலை?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே! எழுதுகிற வேலைக்காக டிகிரி. டிகிரிக்காக எழுத முடியாதவர் என்று ஒரு சீட்டு. இந்தச் சின்னக் கணக்கு இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவரையாவது மன்னிக்கலாம், அவர் என்னை நம்பினார். பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற எனக்கு எங்கே போயிற்று புத்தி?

"இவர் எழுதுவாருங்க! மெதுவா எழுதுவாரு, அவ்வளவுதான். பேப்பர் கொடுங்க, இப்பவே எழுதிக் காட்டச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

ஆபீசர் குரலை உயர்த்தவில்லை. "அப்ப சர்ட்டிபிகேட் பொய்யிங்களா சார்? பொய்யின்னா நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதோணும். பரீச்சை செல்லாமப் போயிருமுங்களே."

எழுதுவார் என்றால் டிகிரி போகும். எழுத மாட்டார் என்றால் வேலை போகும். பொங்கியண்ணன் என் சட்டைக் கையை மெதுவாகப் பிடித்து, "உக்காருங்க சார்" என்றார். கை இருக்கும் நிலைமையில் நூல் ஒட்டவும் இனி அனுப்ப முடியாது என்றும், விபத்து மில்லில் நடந்ததற்குப் பதிவு இல்லாததால் நஷ்டஈடும் கிடையாது என்றும் ஆபீசர் சொன்னார். அப்போது லீவுக்காகக் கொடுத்திருந்த அந்தப் பழைய ப்ரைவேட் டாக்டரின் சீட்டும் கோப்பில் இருந்தது. சோளத்தட்டு வெட்டியதில் காயம். விபத்தைப் பற்றிய கேள்விக்கு எல்லாரையும்விட நன்றாகப் பதில் சொன்னவர், அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து மார்க் ஷீட் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கல்லூரி ஆபீசுக்கு வந்தார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, பஞ்சு இல்லை. அன்று காலையில்தான் மில்லில் எல்லாம் முடித்து வெளியே அனுப்பியிருந்தார்கள். இடது கைப் பெருவிரலில் நீல மை அப்பியிருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"கடைசிக் காயிதத்துல கையெழுத்துப் போடப் போனனுங்க சார். கிளார்க்குப் பையன் பேனாவை வாங்கிக்கிட்டானுங்க. எழுத முடியாதவருன்னு ரெக்கார்டு இருக்கறப்பக் கையெழுத்துப் போட்டாச் செல்லாதுங்களாம். ரேகை வெச்சுட்டு வந்தனுங்க." ஒரு செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். "சோப்புப் போட்டுங் கூடப் போகமாட்டேங்குதுங்க."

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, நல்ல மார்க் என்றேன். ஆமாங்க என்றார்.

ஆபீஸ் கிளார்க் அப்துல் முத்தலிப் மார்க் ஷீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, ரிஜிஸ்தரைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார். "வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துங்க" என்று பேனாவை நீட்டினார்.

பொங்கியண்ணன் பேனாவை வாங்கினார். வழக்கம்போல நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகிக்கொண்டார். ரிஜிஸ்தர்மேல் குனிந்தவர், எழுதாமல் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போடலாமுங்களா சார்?"